வேலை தேடல் எந்த இடத்தில் நிற்கிறது? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது வேலை இழந்தவர்களும், படித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் ரெஸ்யூமேயுடன் என்னைத் தேடி வருகிறார்கள். பெரும்பாலானவர்களின் முதல் கேள்வி, "இன்னும் என்ன கோர்ஸ் படிக்கலாம்?" என்பதுதான். அதற்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. கடைசியாக விண்ணப்பித்த பத்து இடங்களிலும் என்ன நடந்தது என்று கேட்கிறேன். பலருக்கு அது நினைவில் இருப்பதில்லை.

எனவே முதல் வேலை ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நிறுவனம், பதவி, எந்த வழியாக விண்ணப்பித்தீர்கள், அதன்பின் என்ன ஆயிற்று என்று ஐந்து கட்டங்கள் போதும். இரண்டு வாரம் எழுதினால் உங்கள் தேடல் எங்கே நின்றுபோகிறது என்பது தெரிந்துவிடும். அழைப்பே வராதவர் நேர்காணல் பயிற்சிக்குப் பணம் கட்டுவதையும், கடைசிச் சுற்றில் தவறுபவர் ரெஸ்யூமேயைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதுவதையும் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. கையில் இருக்கும் கொஞ்சப் பணமும் தெம்பும் தவறான இடத்தில் கரைந்துபோகின்றன.

கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அது இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததற்கு நகருங்கள்.

அறிகுறி 1: விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன், ஓர் அழைப்பும் வரவில்லை

*முதலில் தொலைபேசி*

வேறொருவரின் போனை வாங்கி, ரெஸ்யூமேயில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக அழுத்துங்கள். நினைவிலிருந்து அழுத்தினால் இந்தச் சோதனைக்குப் பயனில்லை. ஓர் இலக்கம் தவறாக அச்சான ரெஸ்யூமேக்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மணி அடிக்கவில்லையா? ரீசார்ஜ் காலம் முடிந்திருக்கலாம். வேலை இல்லாத மாதங்களில் முதலில் தள்ளிப்போடப்படும் செலவு அதுதான். சில நாட்களில் உள்வரும் அழைப்பும் நின்றுவிடும். வீட்டில் எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

மணி அடிக்கிறது, ஆனாலும் அழைப்பு வருவதில்லை என்றால், தெரியாத எண்களைத் தடுக்கும் செயலியோ போன் அமைப்போ இயங்குகிறதா என்று பாருங்கள். நிறுவனங்கள் 044, 080 என்று தொடங்கும் தரைவழி எண்களிலிருந்தும் அழைக்கும். அடுத்து, ரெஸ்யூமேயில் உள்ள மின்னஞ்சலுக்கு நீங்களே ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்து, ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். பழைய அலுவலகம் கொடுத்த மின்னஞ்சலை இன்னும் போட்டிருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

*அடுத்து கோப்பு*

ரெஸ்யூமேயின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது வெறும் படம். கடையில் ஸ்கேன் செய்து வாங்கிய பழைய தாளாக இருக்கும். நிறுவனங்களின் மென்பொருளுக்கு அது வெற்றுத்தாள். புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

வரிகள் முன்னும் பின்னுமாகக் கலந்து வந்தால், இரண்டு பத்திகளாகப் பிரித்த அலங்கார வடிவத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். மேலிருந்து கீழாக ஒரே பத்தி, சாதாரண எழுத்துரு, கட்டங்களும் வண்ணப் பட்டைகளும் இல்லாத வடிவம் போதும். பெயரும் போன் எண்ணும் பக்கத் தலைப்புப் பகுதிக்குள் இருந்தால் அவற்றை வெளியே இறக்குங்கள். சில மென்பொருள்கள் அந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை.

எல்லாம் வரிசையாக வந்தால் கோப்பில் குறை இல்லை. கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் தொழிலும் இருக்கட்டும். 'நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2' என்று பெயரிட்ட கோப்பை அடுத்த வாரம் யாராலும் தேடி எடுக்க முடியாது.

*உள்ளே என்ன எழுதியிருக்கிறீர்கள்*

'சிஎன்சி ஆபரேட்டர், 4 ஆண்டு அனுபவம்' என்பது போதாது. எந்த இயந்திரம், டர்னிங் சென்டரா வெர்டிகல் மெஷினிங் சென்டரா, ஃபானுக் கன்ட்ரோலரா சீமென்ஸா, லோடிங் மட்டுமா செட்டிங்கும் தெரியுமா, புரோகிராம் திருத்துவீர்களா? ஆள் எடுப்பவர் தேடுவது இந்தச் சொற்களைத்தான். கணக்குப் பிரிவு என்றால் 'அக்கவுண்டன்ட்' என்று நிறுத்தாமல், டேலி பிரைம், ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல், 2பி ஒப்பீடு, டிடிஎஸ், வங்கி ஒப்பீடு என்று நீங்கள் உண்மையில் செய்ததை எழுதுங்கள். தெரியாததை எழுத வேண்டாம். அது மூன்றாவது அறிகுறியில் வந்து மாட்டிவிடும்.

உங்களுக்குப் பொருத்தமான பத்து விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். அந்த வேலை உங்களுக்குத் தெரிந்திருந்தும் ரெஸ்யூமேயில் அந்தச் சொல் இல்லை என்றால் சேருங்கள்.

நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களிலும் இதே திருத்தம் வேண்டும். அங்கே எல்லோரும் மறக்கும் ஒரு கட்டம் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகு பழைய இடத்தில் இருக்க வேண்டிய நாட்கள். வேலையில் இருந்தபோது 90 நாள் என்று போட்டது அப்படியே கிடக்கும். உடனே ஆள் வேண்டும் என்று தேடுபவரின் பட்டியலில் உங்கள் பெயர் வராது. நீங்கள் உடனே சேரக்கூடியவர் என்பது இப்போது உங்கள் பலம். அதைத் தலைப்பு வரியிலேயே சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய் விவரங்களைப் புதுப்பியுங்கள்.

*எல்லாம் சரி, இன்னும் அழைப்பு இல்லை: வழி ஒன்றே ஒன்றா?*

என் அனுபவத்தில் அதிகம் பேர் நிற்கும் இடம் இதுதான். விண்ணப்பம் முழுவதும் இணையதளங்கள் வழியாகவே போகிறது. ஒரு பொத்தானை அழுத்தி விண்ணப்பிக்க முடிகிற வேலைக்கு எல்லோரும்தான் அழுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் சிறு, நடுத்தர நிறுவனங்கள் பலவும் விளம்பரமே கொடுப்பதில்லை. வேலை செய்பவர்களிடம் "தெரிந்த ஆள் இருந்தால் சொல்லுங்கள்" என்பார்கள். ஓசூரிலும் கோவையிலும் திருப்பூரிலும் ஆலை வாசலில் ஓர் அட்டை தொங்கும். அவ்வளவுதான்.

முன்பு உடன் வேலை பார்த்தவர்களின் பட்டியலை எழுதுங்கள். நண்பர்கள் மட்டும் போதாது. சப்ளையர் பக்கத்தில் பழகியவர், சர்வீஸ் எஞ்சினியர், ஆடிட்டர் அலுவலகத்துக்காரர் என எல்லோரையும் சேருங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்:

"வணக்கம் அண்ணா. எங்கள் யூனிட்டை மார்ச் மாதம் மூடிவிட்டார்கள். நான் 4 ஆண்டு குவாலிட்டியில் இருந்தேன், இன்கமிங் இன்ஸ்பெக்ஷன் முழுவதும் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை தேடுகிறேன், உடனே சேர முடியும். உங்கள் கம்பெனியில் குவாலிட்டி பக்கம் யாரிடம் பேசலாம் என்று மட்டும் சொல்ல முடியுமா? ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன்."

வேலை வாங்கித் தரும் சுமையை இந்தச் செய்தி யார் தலையிலும் வைப்பதில்லை. ஒரு பெயரை மட்டும் கேட்கிறது. ஒரு பெயரைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. மானத்தை விட்டுக் கேட்பதாக நினைக்க வேண்டாம். ஆள் எடுப்பவருக்கும் தெரிந்தவர் வழியாக வருபவரைப் பார்ப்பதுதான் எளிது.

அடுத்தது அரசு வழி. வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் அரசு வேலைக்குப் பதிவு மூப்பு காக்கும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இன்று அவை மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள். தனியார் நிறுவனங்களை அழைத்து முகாம் நடத்துவது அவற்றின் வழக்கமான பணி. பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமைகளில் சிறு முகாமும், அவ்வப்போது கல்லூரி வளாகங்களில் பெரிய முகாமும் நடக்கின்றன. தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்ய எந்தக் கட்டணமும் இல்லை. முகாமுக்குப் போகும்போது ரெஸ்யூமே பிரதிகள், சான்றிதழ் நகல்கள், ஆதார், புகைப்படம் கையில் இருக்கட்டும். எந்தெந்த நிறுவனங்கள் வருகின்றன என்பதை முந்தின நாளே கேட்டு, உங்களுக்குப் பொருந்தும் மூன்று நான்கு மேசைகளுக்கு முதலில் போய்விடுங்கள். பிற்பகலில் வந்தவர்களும் களைத்திருப்பார்கள், ஆள் எடுப்பவர்களும் களைத்திருப்பார்கள்.

*கடைசியில்தான் படிப்பு*

மேலே சொன்ன பத்து விளம்பரங்களில் ஏழெட்டில் கேட்கப்படும் ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அதைப் படியுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் வருவதற்காகப் படிக்க வேண்டாம். கட்டண வகுப்புக்கு முன், அரசின் நான் முதல்வன் திட்டப் பயிற்சிகளையும், ஸ்வயம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களையும் பாருங்கள். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று எழுதிய எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் கடன் வாங்கிப் பணம் கட்டாதீர்கள்.

*எப்போது வெளி உதவி*

இவ்வளவும் சரிசெய்து ஆறு வாரம் கழித்தும் அழைப்பு இல்லையென்றால், உங்கள் தொழிலில் ஆள் எடுக்கும் நிலையில் இருக்கும் ஒருவரிடம் ரெஸ்யூமேயைக் காட்டுங்கள். அப்படி யாரும் தெரியாவிட்டால் மாவட்ட மையத்தில் உள்ள தொழில்நெறி வழிகாட்டும் அலுவலரைப் பாருங்கள். அதற்கும் கட்டணம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு ரெஸ்யூமே எழுதித் தருபவர்களை நான் பரிந்துரைப்பதில்லை. உங்கள் வேலை அவர்களுக்குத் தெரியாது.

அறிகுறி 2: அழைக்கிறார்கள், பேசுகிறார்கள், அத்தோடு சரி

இதற்குச் சோதனை மிக எளிது. ஒவ்வோர் அழைப்பும் முடிந்தவுடன், அவர்கள் கேட்ட கடைசிக் கேள்வி என்ன என்று எழுதுங்கள். நான்கைந்து அழைப்புக்குப் பிறகு அதே கேள்வி திரும்பத் திரும்ப வரும். காரணம் அங்கேதான் இருக்கிறது.

*பேச்சே முறையாக நடக்கவில்லை என்றால்:* நீங்கள் நின்று பேசும் இடம்தான் காரணம். பஸ்ஸிலோ சந்தையிலோ நின்று பேசாதீர்கள். "பத்து நிமிடத்தில் நானே அழைக்கட்டுமா, எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும்?" என்று கேளுங்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை.

*கடைசிக் கேள்வி 'இந்த இடத்துக்கு வர முடியுமா' என்றால்:* நீங்கள் இழுத்திருப்பீர்கள். எவ்வளவு தூரம் போக முடியும், இரவு ஷிப்ட் முடியுமா, வெளியூரில் தங்க முடியுமா என்பதை வீட்டில் உள்ளவர்களோடு இன்றே பேசி முடியுங்கள். போனில் யோசிக்கக் கூடாது. நிறுவனப் பேருந்து எந்த வழியாக வருகிறது என்று திருப்பிக் கேளுங்கள், உண்மையில் வர நினைப்பவர்தான் அதைக் கேட்பார். வெளியூர் வேலை என்பதற்காகவே மறுக்கும் பெண்கள், தமிழ்நாடு அரசு பல ஊர்களில் நடத்தும் தோழி விடுதிகளை விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.

*கடைசிக் கேள்வி வேலையில்லாமல் இருந்த இடைவெளி பற்றியது என்றால்:* பதில் நீளமாக இருந்திருக்கும், அல்லது மழுப்பலாக. மூன்று வாக்கியம் போதும். ஏன் நின்றீர்கள், அந்த மாதங்களில் என்ன செய்தீர்கள், இப்போது என்ன வேலைக்குத் தயார். "அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை, எட்டு மாதம் பார்த்துக்கொண்டேன். இப்போது அவர் நலமாக இருக்கிறார். இடையில் டேலி பிரைம் முழுமையாகப் பழகினேன், உடனே சேர முடியும்." இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய நிறுவனத்தில் இன்னும் இருப்பதாகச் சொல்லி மறைக்க வேண்டாம். வருங்கால வைப்பு நிதிப் பதிவில் எந்த மாதம் வரை சந்தா போனது என்பது தெரியும்.

*கடைசிக் கேள்வி சம்பளம் என்றால்:* சிடிசி (நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) வேறு, கைக்கு வருவது வேறு. சிடிசிக்குள் நிறுவனம் கட்டும் வைப்பு நிதிப் பங்கும், பணிக்கொடைக்கு ஒதுக்குவதும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடிப்படைச் சம்பளத்தில் முறையே 12 சதவீதமும், ஏறத்தாழ 4.81 சதவீதமும் என்று கணக்கிடுவார்கள். உங்கள் பங்கு 12 சதவீதமும் அதிலிருந்தே பிடிக்கப்படும். அவர்கள் சிடிசி கேட்கும்போது நீங்கள் கைக்கு வந்ததைச் சொன்னால் உங்களை நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள். அவர்கள் கைக்கு வருவதைக் கேட்கும்போது நீங்கள் சிடிசி சொன்னால் அதிகம் கேட்பதாகத் தோன்றும். பழைய பே ஸ்லிப்பை வைத்து இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். இதற்குக் கீழே போனால் வீட்டுச் செலவு தாங்காது என்ற மூன்றாவது எண்ணையும் எழுதுங்கள். அது உங்களுக்கு மட்டும்.

*பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியதும் முடிந்துவிடுகிறது என்றால்:* உங்களைப் பற்றி ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் எழுதி, போனில் பதிவுசெய்து, கேட்டு, மறுபடி பேசுங்கள். மனப்பாடம் ஒலிக்காத அளவுக்குப் பழக வேண்டும். அதற்கு மேல் தடுமாறினால் "தொழில்நுட்ப விவரத்தைத் தமிழில் சொல்லலாமா?" என்று கேளுங்கள். தொழிற்சாலை வேலைகளில் பெரும்பாலும் சரி என்பார்கள். வாடிக்கையாளரோடு பேசும் வேலை என்றால் இந்தச் சலுகை இருக்காது. அங்கே பேச்சு ஆங்கில வகுப்புக்குச் செலவு செய்வது நியாயமானது.

அறிகுறி 3: நேர்காணல் வரை போகிறேன், "சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார்கள்

எந்தச் சுற்றில் நிற்கிறது என்று முதலில் பிரியுங்கள்.

*தொழில்நுட்பச் சுற்றில் என்றால்*

கடினமான கேள்வியில் தவறியதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்த்தது வேறு. அடிப்படைக் கேள்வியில்தான் தவறுகிறார்கள். குவாலிட்டியில் நான்கு ஆண்டு இருந்தவரிடம் வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட், அதாவது அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு கேட்டால், தினமும் கையில் பிடித்த கருவிதான், 0.02 மில்லிமீட்டர் என்று வாயில் வருவதில்லை. மைக்ரோமீட்டருக்கு 0.01. கணக்குப் பிரிவில், "சப்ளையர் பில் உங்களிடம் இருக்கிறது, ஜிஎஸ்டி தளத்தின் 2பி பட்டியலில் வரவில்லை, என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி வரும். மாதாமாதம் செய்த வேலையைச் சொல்லாக்கத் தெரியாமல் நின்றுவிடுகிறார்கள்.

சோதனை: உங்கள் ரெஸ்யூமேயின் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, என்ன செய்தேன், எப்படிச் செய்தேன், எவ்வளவு, தவறு வந்தபோது என்ன நடந்தது என்று வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். எந்த வரிக்குப் பதில் வரவில்லையோ அந்த வரியைப் படியுங்கள், அல்லது நீக்குங்கள்.

*எழுத்துத் தேர்வில் என்றால்* கணக்கும் தர்க்கமும்தான். விழுக்காடு, விகிதம், நேரமும் வேலையும். தினமும் ஒரு மணி நேரம் பழையபடி பழகினால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி தங்கைகளின் புத்தகமே போதும்.

*கடைசிச் சுற்றில் என்றால்*

உங்களிடம் தொழில் குறைவில்லை என்று அர்த்தம். முந்தைய இடத்தை விட்டதற்கான காரணத்தைச் சொல்லும்போது பழைய மேலாளரைக் குறை சொல்கிறீர்களா? உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தாலும், எதிரில் இருப்பவருக்கு அந்த நியாயத்தைத் தீர விசாரிக்க நேரமில்லை. "ஆர்டர் குறைந்தது, ஆட்களைக் குறைத்தார்கள்" என்பது போதும். சம்பளத்தில் வேறு எண் சொன்னீர்களா? முதல் அழைப்பில் சொன்னதும் இங்கே சொன்னதும் ஒன்றாக இருக்க வேண்டும். தகுதி அதிகம் என்று தயங்கினார்களா? இந்த வேலையில் ஏன் நீடிப்பீர்கள் என்பதற்கு உண்மையான காரணம் ஒன்றை நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

இன்னொன்றும் நடக்கும். அந்தப் பதவியையே நிறுத்திவைப்பார்கள். ஆர்டர் வரவில்லை, பட்ஜெட் வரவில்லை, உள்ளேயே ஒருவரை மாற்றிவிட்டார்கள். நான் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட்ட பட்டியல்கள் இப்படிக் கிடப்பில் போனதுண்டு. பட்டியலில் இருந்தவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் எச்ஆர் மௌனமாக இருப்பார். ஐந்து வேலை நாள் கழித்து ஒரு மின்னஞ்சல், அடுத்த வாரம் ஓர் அழைப்பு, அதோடு விட்டுவிட்டு நகருங்கள். அந்த மௌனத்தை உங்கள் தகுதிக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

*எப்போது வெளி உதவி:* ஒரே சுற்றில் நான்கைந்து முறை நின்றால், நேர்காணல் எடுத்துப் பழகிய ஒருவரை எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வீட்டு ஆட்கள் வேண்டாம். அவர்கள் உங்களைக் காயப்படுத்த மாட்டார்கள்.

அறிகுறி 4: தேர்வு செய்துவிட்டார்கள், சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிட்டது

*இன்ஷியல்.* நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். முருகன்', பான் அட்டையில் 'முருகன் சுப்பிரமணியன்', ஆதாரில் 'முருகன் எஸ்'. பான் விண்ணப்பம் இன்ஷியலை விரித்து எழுதச் சொல்லும், சான்றிதழ் சுருக்கித் தரும். வடநாட்டுச் சரிபார்ப்பு நிறுவனத்துக்கு இவர்கள் மூன்று பேர். வேலை தேடத் தொடங்கும்போதே எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி, பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிடுங்கள். இன்ஷியல் மட்டும் வேறு என்றால், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். ஆதாரையும் பானையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துவது அடுத்த படி. பெயரே வேறு என்றால்தான் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம். அது நேரமும் செலவும் பிடிக்கும், கடைசி வழி.

*வைப்பு நிதிப் பதிவு.* யுஏஎன் எனப்படும் உங்கள் வைப்பு நிதி எண்ணோடு உறுப்பினர் தளத்துக்குள் போய் பணி வரலாற்றைப் பாருங்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், நீங்கள் இன்னும் அங்கேயே இருப்பதாகக் காட்டும். கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து அதை நீங்களே பதிவுசெய்ய வசதி இருக்கிறது. ஆஃபர் வரும்வரை காத்திருக்காமல் இதை இப்போதே செய்யுங்கள்.

*தொலைந்த சான்றிதழ்.* தமிழ்நாடு காவல் துறையின் தளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையை இணையம் வழியாகவே பெறலாம். அதோடு மறுபிரதிக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை பள்ளி மதிப்பெண் பட்டியல், அரசின் மின்-ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

*ரிலீவிங் லெட்டர் (பணியிலிருந்து விடுவித்த கடிதம்) தரவில்லை.* முதலில் எச்ஆருக்கு மின்னஞ்சல், பிறகு பதிவுத் தபால். இடையில் புதிய நிறுவனத்திடம் நிலைமையை ஒளிக்காமல் சொல்லி, ராஜினாமாவை ஏற்ற மின்னஞ்சல், கடைசி மூன்று பே ஸ்லிப், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் காட்டுங்கள். பல நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளும்.

*எப்போது வெளி உதவி:* அசல் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு தர மறுத்தாலோ, சம்பள பாக்கி இருந்தாலோ. தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி 15100. இனி எந்த நிறுவனத்திலும் அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 5: வேலை தருகிறேன் என்கிறார்கள், பணம் கேட்கிறார்கள்

இங்கே சோதிக்க ஒன்றுமில்லை. நிறுத்துங்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் வைப்புத்தொகை, சீருடைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என எந்தப் பெயரில் கேட்டாலும் ஒன்றுதான். டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று தொடங்கி, முதலில் சில நூறு ரூபாய் கொடுத்து, பிறகு முதலீடு செய்யச் சொல்வதும் இதே வகை. உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டால் இன்னும் ஆபத்து. அந்தக் கணக்கில் திருட்டுப் பணம் ஓடினால் காவல் துறை முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வரும். ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்திவைக்க முடியும்.

வெளிநாட்டு வேலை என்றால் முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு வரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். இலட்சங்களில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றித் தருகிறேன் என்றால் போகவே போகாதீர்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று தாய்லாந்து வழியாக அழைத்துப் போய், மியான்மர், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் இணையமோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

அறிகுறி 6: விண்ணப்பிக்கவே கை வரவில்லை

*பணம் தீர்ந்துகொண்டிருப்பதுதான் காரணம் என்றால்*

சும்மா இருப்பதைவிடத் தற்காலிக வேலை நல்லது. ஆனால் நேர்காணலுக்குப் போக வாரத்தில் ஓரிரு பகல் பொழுதாவது ஒழியும் வேலையாகப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேர வேலையில் மாட்டிக்கொண்டால் தேடல் முழுதும் நின்றுவிடும்.

இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தா பிடித்த வேலையில் இருந்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கிளை அலுவலகத்தில் கேளுங்கள். ஒன்று, மருத்துவ வசதி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பயன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வரும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. வேலை போன அன்றே மருத்துவமும் போய்விட்டதாக நினைத்து, தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, வேலை இழந்தவர்களுக்கான அடல் திட்டம். தகுதி உள்ளவர்களுக்குச் சராசரி நாள் ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாட்களுக்கு என்று அது வகுக்கப்பட்டது. இப்போதைய நிபந்தனைகளையும் கால நீட்டிப்பையும் கேட்டு, அங்கேயே விண்ணப்பியுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்கு மாநில அரசின் உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூ 400, பட்டதாரிக்கு 600. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பு 40, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. தொகை சிறியதுதான். போன் ரீசார்ஜுக்கும் பஸ் செலவுக்கும் உதவும். பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் மூப்பு போய்விடும், தேதியைப் பார்த்து வையுங்கள்.

*பணம் இருந்தும் கை வரவில்லை என்றால்*

இலக்கைச் சுருக்குங்கள். நாளுக்கு ஒரு விண்ணப்பம், ஒரு தொலைபேசி அழைப்பு. காலையில் வீட்டை விட்டு வெளியேறி மாவட்ட நூலகத்திலோ கிளை நூலகத்திலோ உட்கார்ந்து செய்யுங்கள். "இன்னும் கிடைக்கவில்லையா?" என்ற கேள்வி அங்கே வராது. வீட்டில் இருப்பவர்களிடம் வாரத்துக்கு ஒருநாள், ஞாயிறு மாலை என்று வைத்து, நோட்டுப் புத்தகத்தைக் காட்டி நிலவரத்தைச் சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களில் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் என்ன நடக்கிறது என்று தெரியாததுதான் பயம்.

*எப்போது நிபுணர்:* இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஒத்திப்போடாமல் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே பேசுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.